லெட்டியின் முழங்கை

நாந்த்கோவ் ஊரில் கைன்வென் என்ற பெயரில் பல பேர் இருந்தார்கள். ரொட்டி சுடுகிறவன் மனைவி ரொட்டி கைன்வென். தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிக்கிறவள் ஆர்மோனியம் கைன்வென். மலையை ஒட்டிய கடைசி வீட்டுக்காரிக்கு ‘ஏன் கைன்வென்’ என்று பெயர். மழை நின்றால் ஏன், பால்காரன் பிந்தினால் ஏன், பாதிரியார் பிரசங்கத்தின் நடுவில் இருமினால் ஏன் என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள்.

“கல்யாணத்தன்னைக்கு மட்டும்தான் இவ ஏன்னு கேக்கல. கேட்டிருந்தா தப்பிச்சிருப்பா” என்பான் கணவன் எம்ரிஸ்.

எம்ரிஸ் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்தை மூடி அது மூன்றாவது குளிர்காலம். கம்பெனி ஆட்களைக் கைவிட்டதே தவிர, ஊருக்கு மேலே குவித்திருந்த கழிவு மேட்டைக் கைவிடவில்லை. அந்தக் கல்லுக்கும் சேற்றுக்கும் நடுவில் கிடக்கும் கரித்துண்டைப் பொறுக்கினாலும் திருட்டுத்தான். ஊரே பொறுக்கியது. மேடு சரிந்தால் ஆளை மூடிவிடும் என்பதால் யாரும் தனியாகப் போவதில்லை. கைன்வென், எம்ரிஸின் தங்கை லெட்டியோடு போவாள்.

ஒரு நவம்பர் காலையில் இருவரும் சாக்கை நிரப்பிக்கொண்டு நின்றபோது, லண்டனிலிருந்து வந்த ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். மூன்று கால் வைத்த கேமரா. பெயர் ஆல்விங். ஒரு வாரப் பத்திரிகைக்குப் படம் எடுக்கிறாராம்.

“அந்தப் பெட்டிக்குள்ள என்ன சார் இருக்கு? கண்ணாடித் தகடா? தகட்டுல நாங்க எப்படிப் போய் ஒட்டுவோம்?” என்று கைன்வென் ஆரம்பித்துவிட்டாள்.

“அம்மா, தயவுசெஞ்சு பேசாம நில்லுங்க. பள்ளத்தாக்கைப் பாருங்க. சிரிக்கக் கூடாது.”

சரியாக அந்த நேரம் பார்த்து லெட்டியின் ஒரு செருப்பு கழன்று மேட்டில் உருண்டு ஓடியது. “அடிப்பாவி செருப்பே, நீயாவது ஊரை விட்டுப் போ!” என்று கத்தினாள் லெட்டி. கைன்வென் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. கேமரா ‘டக்’ என்றது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பத்திரிகை வந்தது. கடைக்காரர் அதைக் கண்ணாடி ஜன்னலில் ஒட்டி வைத்திருந்தார். முழுப் பக்கத்துக்குக் கைன்வென் மட்டும் நின்றாள். தோளில் சாக்கு, கடித்த உதடு, நீர் தளும்பும் கண்.

“என்னை இப்பத்தான் புதைச்சிட்டு வந்த மாதிரி நிக்கிறியே!” என்றான் எம்ரிஸ்.

லெட்டி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தேடினாள். “நான் எங்கடி? உன் பக்கத்துலதானே நின்னேன்?” ஓரத்தில் கட்டம்போட்ட ஒட்டுத்துணி தைத்த ஒரு முழங்கை தெரிந்தது. அவ்வளவுதான் லெட்டி. “பிறந்ததுலேருந்து ஒரே ஒரு படம். அதுலயும் முழங்கைதானா?” என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அதற்கடுத்த வாரம் போலீஸ்காரர் ப்ரைஸ் அதே பத்திரிகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கைன்வென் வீட்டு வாசலில் நின்றார். இதே தெருவில் வளர்ந்தவர்தான்.

“கைன்வென், நான் பாக்காத மாதிரி இருந்திருப்பேன். லண்டன்ல கம்பெனி முதலாளி பாத்துட்டாரே! கோர்ட்டுக்கு வரணும்.”

“படத்துல சாக்குதானே தெரியுது? உள்ள கரின்னு எப்படிச் சொல்றீங்க?”

“கீழயே அச்சடிச்சிருக்கானே, ‘கரி பொறுக்கும் பெண்’னு!”

கைன்வென்னுக்குப் பயத்தைவிட வியப்புத்தான் அதிகமாக இருந்தது. இரக்கப்படச் சொல்லி எடுத்த படத்தை வைத்தே எப்படி ஒருத்தியைப் பிடிக்க முடிகிறது?

விசாரணையன்று நீதிமன்றத்தில் உட்கார இடமில்லை. குற்றத்தைப் படித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து லெட்டி எழுந்தாள்.

“ஐயா, அவள மட்டும் பிடிச்சா எப்படி? நானும்தான் திருடினேன்!”

“நீ யாரம்மா?” என்றார் நீதிபதி.

“அந்த முழங்கை என்னோடதுங்கய்யா!”

சொன்னதோடு நிற்காமல் முன்னே வந்து கையை மடக்கிக் காட்டினாள். மாற்று உடுப்பு இல்லாததால் அதே சட்டைதான் போட்டிருந்தாள். அதே கட்டம்போட்ட ஒட்டுத்துணி. நீதிபதி படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். இருவருக்கும் பேருக்கு ஒரு அபராதம் போட்டார். எம்ரிஸின் தொப்பி வரிசை வரிசையாகப் போய்ச் சில்லறையோடு திரும்பி வந்து அதைக் கட்டிவிட்டது.

“உனக்கென்ன பைத்தியமாடி? நீ பாட்டுக்கு வீட்டுல இருந்திருக்கலாமே” என்றாள் கைன்வென், வரும் வழியில்.

“ஆமா, படத்துலயும் நீ, கோர்ட்டுலயும் நீ! நான் என்ன வெறும் கையா?” என்ற லெட்டி, கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “தனியா நின்னா உனக்குக் கால் நடுங்கும், எனக்குத் தெரியாதா?” என்றாள்.

செய்தியைப் படித்துவிட்டு ஆல்விங் ஓடிவந்தார். அதற்குள் ‘சாக்கோடு நிற்கும் பெண்மணிக்கு’ என்று முகவரியிட்டு, முன்பின் தெரியாதவர்கள் அனுப்பிய பூட்ஸும் கம்பளியும் தேவாலயத்துக்கு வந்து குவிந்திருந்தன. கைன்வென் அதில் ஒரு ஜோடி பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் அவருக்குக் கதவைத் திறந்தாள். கோபப்பட வேண்டும் என்று நினைத்துவைத்திருந்தாள். கேள்விதான் வந்தது.

“லெட்டியை ஏன் சார் வெட்டினீங்க?”

அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினார். “ரெண்டு பேரா இருந்தா, தோழிங்க சேர்ந்து உலாவப் போன மாதிரி தெரிஞ்சது. ஒருத்தியா நின்னாத்தான் பாக்கறவங்க மனசு இளகும்.”

“அப்போ ரெண்டு பேர் சேர்ந்து பட்டினி கிடந்தா, பட்டினி பாதியாயிடுமா?”

அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அது அவருக்கும் புரிந்தது. “தெரியலம்மா. அந்தப் பூட்ஸ் வந்தது அதனாலதான்னு மட்டும் தெரியும்” என்றார். கைன்வென் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அதுவும் பொய்யில்லை.

அவர் பையிலிருந்து கண்ணாடித் தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கைன்வென்னும், அவர் வந்தது கேட்டு ஓடிவந்திருந்த லெட்டியும் எட்டிப் பார்த்தார்கள். எல்லாம் தலைகீழான நிறத்தில் இருந்தது. கரிமேடு உப்புக் குவித்த மாதிரி வெள்ளையாக, அதன்மேல் கறுப்பு முகத்தோடு இரண்டு பெண்கள். லெட்டி வாயைப் பிளந்திருந்தாள்.

“இது நானா? பேய் மாதிரில்ல இருக்கேன்!” என்றாள் லெட்டி.

ஆல்விங் ஊருக்குப் போய் அச்சுப்போட்டு அனுப்பிய முழுப் படம் தபாலில் வந்தது. லெட்டி அதை வெகுநேரம் பார்த்தாள். முன்பல் இரண்டு இல்லாத வாயோடு கத்திக்கொண்டிருந்தாள் படத்தில். “அந்த ஆளு வெட்டினது சரிதான்டி” என்று கைன்வென்னிடமே கொடுத்துவிட்டாள். கைன்வென் அதை அடுப்புக்கு மேலே மாட்டினாள்.

மாட்டிய பிறகுதான், படத்தில் கீழே தூரத்தில், சரிவில் குனிந்து பொறுக்கும் இன்னொருத்தியைக் கண்டாள். சால்வையும் முதுகும் மட்டுந்தான் தெரிந்தன. அன்றைக்கு அங்கே யாரும் இருந்ததாக இருவருக்கும் நினைவில்லை. யாரது? தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டு, அது நான்தான் என்று சண்டை போட்டார்கள்.

கடைசியில் போலீஸ்காரர் ப்ரைஸும் வந்தார். கைன்வென் தேநீர் கொடுத்தாள். அவர் கோப்பையோடு படத்தின் கிட்டப் போய் நின்றார்.

“அந்தச் சால்வை...” என்றார். “எங்க அக்காகிட்ட இப்படி ஒண்ணு இருக்கு. மச்சானுக்கும் வேலை போயிடுச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“உங்ககிட்ட எப்படி ப்ரைஸ் கேப்பாங்க?” என்றாள் கைன்வென்.

அவர் தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்பினார். அந்தக் குளிர்காலம் முழுக்க மேட்டில் யாரும் பிடிபடவில்லை. ஆனால் ப்ரைஸின் அக்காவைத் தேவாலயத்தில் பார்த்துக் கைன்வென் விசாரித்தபோது, தான் அந்த மேட்டில் காலே வைத்ததில்லை என்று அவள் அடித்துச் சொல்லிவிட்டாள்.