கண் சிவந்தவர்

போர்க்காலத்தில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் கண்நோய் பரவியபோது, கண் சிவந்தவர்களை ஞாயிறு பூசைக்கு விடவேண்டாம் என்றார் பாதர். மாதா கோயில் வாசலில் நின்று பார்ப்பது என் பொறுப்பு.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் என்னைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். கண்ணாடியைப் பறித்தேன். கண்கள் இரத்தமாய்ச் சிவந்திருந்தன.

“கண் வருத்தத்தைப் பரப்பவோ வந்தனீர்?” என்று கன்னத்தில் அறைந்தேன். படியில் விழுந்து அவர் நெற்றி பிளந்தது.

“இது கண்நோயில்லை, தம்பி,” என்றார், இரத்தத்தைத் துடைத்தபடி. “முந்தநாள் ஆமியின்ர சுற்றிவளைப்பில என்ர மகனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். அழுதழுது இப்பிடி.”

எழுந்து தெருவில் இறங்கிப் போனார். நான் கூப்பிடவில்லை.

பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் பகிரும் நேரம் வந்தது. நோய் தொற்றாதிருக்க, அந்த நாட்களில் யாரும் கைகொடுப்பதில்லை. நானும் ஒருவரையும் தொடாமல் பக்தியாகக் கைகூப்பினேன். அறைந்த உள்ளங்கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.