உறையில் இல்லாத விடை

மேசைமேல் இருந்த சிறிய மணிக்கு மேலே ஒரு கை காத்திருக்கிறது. ஸ்ட்ராபெரி பெட்டிகளைக் கட்டிக் கட்டி விரல் நுனிகள் வெடித்துப்போன கை. கம்பளி ஸ்வெட்டரின் நூல் மணிக்கட்டில் பிரிந்து தொங்குகிறது. கேள்வி கேட்பவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே அந்தக் கை இறங்கிவிடும். மணி ஒலித்த பிறகுதான், விடை தெரியுமா தெரியாதா என்று அந்தக் கைக்கு உரியவர் யோசிப்பார். சின்னம்மாவை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்பே அந்தக் கைதான் எனக்கு நினைவில் வருகிறது.

போன வாரம் தோட்டத்து இளைஞர் மன்றத்திலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். பொங்கல் கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை சினிமா, விளையாட்டு வினாடி வினா இந்த ஆண்டும் உண்டாம். "டீச்சர், ஒங்க குழு வருதுல்ல?" என்று கேட்டார். வராது என்று சொல்லியிருக்க வேண்டும். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் எதையும் பார்த்துச் சொல்வதாகத்தான் சொல்லிவைக்கிறேன். பள்ளிக்கூடம் முடிந்து, மலையில் ரிங்லெட் ஊரில் இருக்கும் வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றினால், அதற்குமேல் ஒரு முடிவெடுக்கவும் உடம்பில் தெம்பிருப்பதில்லை.

அம்மாவும் சின்னம்மாவும் உடன்பிறந்தவர்கள். இருவரும் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றின் ஒரே அறையில் வளர்ந்தவர்கள். நான் விவரம் தெரிந்து பார்த்த நாள் முதல் இருவரும் பேசிக்கொண்டதில்லை. காரணம் தாத்தாவின் சாவு. சின்னம்மா அப்போது சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் தங்கியிருந்தார். கைத்தொலைபேசி இல்லாத காலம். தாத்தா காலையில் இறந்தார். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டதால், குழியில் தண்ணீர் நிற்கும் என்று அவசரமாக அடக்கம் செய்துவிட்டார்கள். சின்னம்மா வந்து சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. காலையிலேயே தோட்டத்துக் கணக்கரான கிராணியின் ஆபீசுக்குப் போய் விடுதிக்குப் போன் போட்டேன், எடுத்தவள் சொல்லாமல் விட்டிருப்பாள் என்பது அம்மாவின் கட்சி. போன் வந்ததே மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான், மூத்தவள் வேண்டுமென்றே தாமதித்தாள் என்பது சின்னம்மாவின் கட்சி. இருவருமே நினைவாற்றலில் கெட்டிக்காரர்கள். அதனால் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு சின்னம்மா மலைக்கே திரும்பிவந்து, கியா பார்மில் சாலையோரக் கடை போட்டார். கணவர் விட்டுப்போன பிறகு, மகளைத் தனியாக வளர்த்தார். நடுவில் தூது போக நான் கிடைத்தேன். கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா எதுவானாலும், "ஒங்க சின்னம்மாகிட்ட சொல்லிடு" என்று இங்கிருந்தும், "ஒங்கம்மாகிட்ட சொல்லு" என்று அங்கிருந்தும் வரும். ஒரு சொல்லை ஒரு வாயிலிருந்து வாங்கி இன்னொரு காதில் போடும்போது அதன் முள்ளை வழியிலேயே ஒடித்துவிட வேண்டும். வயது ஏற ஏற, பாடம் நடத்துவதைவிட இதுதான் என்னைக் களைக்க வைத்தது.

வினாடி வினாவுக்கு வருகிறேன். ஒரு குடும்பத்திலிருந்து மூன்று பேர் ஒரு குழு என்பது விதி. அம்மா, அப்பா, நான் என்று தொடங்கினோம். அம்மா தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். அங்கே நாள் முழுக்க வானொலி பாடும். பாட்டின் முன்னிசை தொடங்கியதும் படம், பாடியவர், இசையமைத்தவர், அதில் நடித்த நாயகிக்கு வசனக் குரல் கொடுத்தவர் வரைக்கும் சொல்லிவிடுவார். ஆனால் விளையாட்டுச் சுற்று வந்தால் நாங்கள் மூவரும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். அப்பா இறந்த மறு ஆண்டு, போட்டி அறிவிப்பு வந்ததும் அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவள வேணா கூப்பிடு. பந்து வெளையாட்டெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். நான் கூப்பிட்டேன்னு மட்டும் சொல்லாத."

கடையில் சோளம் அவித்துக்கொண்டிருந்த சின்னம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"யாரு கூப்புடச் சொன்னா?"

"நான்தான் சின்னம்மா."

"பொய் சொல்லாத லா. ஒனக்குப் பொய் சொல்ல வராது." ஆவிக்குள் கையை விட்டுச் சோளத்தைத் திருப்பிப் போட்டார். "என்ன கெழம?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நடுவில் உட்கார, அவர்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். கேள்வி கேட்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உறையைப் பிரிப்பார். பூப்பந்தில் எத்தனை இறகுகள் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் சின்னம்மா மணியை அடித்து, "பதினாறு!" என்றார். எந்தப் பறவையின் இறகு என்று அவர் கூடுதலாகக் கேட்க, "வாத்து லா சார்" என்றதும் மண்டபம் சிரித்தது. தலைமையாசிரியரும் சிரித்துவிட்டு, பெருவாத்து என்பதுதான் சரி, இருந்தாலும் கொடுக்கலாம் என்றார். பழைய கணக்கில் பெண்கள் ஒற்றையர் ஆட்டம் எத்தனை புள்ளியில் முடியும் என்றதற்கு மற்ற எல்லாக் குழுவும் பதினைந்து என்று எழுதின. சின்னம்மா என் காதைத் தாண்டிக் குனிந்து, அம்மாவைப் பார்த்தே, "பதினொண்ணு" என்றார். அம்மா அவரைத் திரும்பிப் பார்க்காமல், "அப்ப பதினொண்ணுதான், எழுது" என்று என்னிடம் சொன்னார். அந்தக் கேள்வியில் நாங்கள் மட்டும்தான் சரி.

கடைசிச் சுற்று சினிமா. ஒரு பாட்டின் முன்னிசை மட்டும் ஒலித்தது. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவர் உதட்டில் தெரிந்தது. ஆனால் மணி சின்னம்மா பக்கம் இருந்தது. சின்னம்மா அக்காவின் உதட்டைப் பார்த்த நொடியில் கையை இறக்கினார். விடையை அம்மா சொன்னார். பரிசாக வந்த சோறாக்கும் மின்பானையை, "ஒங்கம்மாகிட்ட குடு" என்று அவரும், "அவளே வெச்சுக்கட்டும்" என்று இவரும் தள்ள, அது என் காடியின் பின்னிருக்கையில் மாதக்கணக்கில் கிடந்தது.

அதன்பின் ஆண்டுதோறும் போனோம். சில முறை வென்றோம், பல முறை தோற்றோம். ஆட்டக்காரர்கள், நடிகைகள், கிண்ணம் வென்ற நாடுகள் என்று மேசையில் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது விடைகள் மட்டும்தான். மேசையை விட்டு எழுந்தால் மறுபடி என் வழியாகத்தான். நான் நிறைய யோசித்திருக்கிறேன். உலகமே அறிந்த விஷயங்களில் அவர்களுக்குச் சண்டையே வரவில்லை. யார் சொன்னது சரி என்பது தலைமையாசிரியரின் உறையில் இருந்தது. உறை பிரிந்ததும் தவறாகச் சொன்னவர் "அட" என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். தாத்தா இறந்த காலையில் என்ன நடந்தது என்பதற்கு அப்படி ஓர் உறை எங்கும் இல்லை.

சின்னம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கி ரத்தம் கழுவ வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் மகள், எனக்குத் தங்கை, தன் அம்மா போன வழியிலேயே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தாள். சின்னம்மா கடையை மூடினார். அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மா, "பிரிஞ்சாங்ல அந்த வாடக ரூம்ல ஒண்டியா கெடந்து என்ன பண்ணுவா. இங்க வந்து இருக்கச் சொல்லு" என்றார். சொன்னேன். வந்தார். அடுத்தடுத்த அறைகளில் இருந்துகொண்டு இருவரும் என் வழியாகவே பேசினார்கள். "ரசத்துல உப்பே இல்லன்னு சொல்லு." "உப்பு போட்டா கால் வீங்கும், டாக்டர் சொன்னது அவளுக்குக் காதுல விழலையான்னு கேளு." ரசக் கிண்ணத்தோடு நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, ஒரு நாள், இருவரையும் பூட்டி வைத்துவிட்டு எங்காவது போய்விடலாமா என்று நினைத்தேன்.

பள்ளி முடிந்ததும் நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். அந்த மலைப்பாதையை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வளைவுக்கு வளைவு எதிரே காய்கறி லோரி, பக்கத்தில் பள்ளம். சின்னம்மாவுக்குக் குமட்டும். முதல் சில நாள் அம்மா பின்னிருக்கையில் பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்தபடி பேசாமல் வந்தார். பிறகு ஒரு நாள், ஒரு பெரிய வளைவில் சின்னம்மா கண்ணை இறுக்கிக்கொண்டபோது, பின்னாலிருந்து குரல் வந்தது: "காப்பந்துல பெனால்டி அடிக்கிற எடம், கோல்லருந்து எவ்வளவு தூரம்?"

சின்னம்மா கண்ணைத் திறக்காமல், "பன்னெண்டு யார்டு" என்றார்.

குமட்டல் நின்றது. அன்றிலிருந்து பாதை முழுக்கக் கேள்விதான். அம்மாவுக்கு விளையாட்டு தெரியாது. அதனால் முந்தின நாளே என் கைத்தொலைபேசியில் தேடச் சொல்லி மனப்பாடம் செய்துகொள்வார். திரும்பி ஏறும்போது சின்னம்மாவுக்குப் பேசத் தெம்பிருக்காது. இருந்தாலும் ஏதாவது பழைய பாட்டை இரண்டு வரி முனகுவார், அம்மா படத்தைச் சொல்ல வேண்டும். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவேன். அந்த ஒரு மணி நேரம் மட்டும் யாருக்கும் நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுக்க நின்று கத்திய களைப்பிலும் அந்தப் பயணத்துக்கு நான் காத்திருந்தேன் என்பது இப்போதுதான் புரிகிறது.

மழைக்காலம் தொடங்கிய சமயம் அது. இறங்கும் வழியில் மண் சரிந்து, ஒருவழியாக வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தார்கள். இஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். அம்மா கேட்டுவைத்திருந்த கேள்விகள் தீர்ந்துவிட்டன.

"இப்ப நான் கேக்குறேன்" என்றார் சின்னம்மா. கண்ணாடியில் ஓடிய மழையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்பா செத்த அன்னிக்கு, எனக்கு எப்ப போன் போட்ட?"

நான் ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்துக்கொண்டேன். இத்தனை காலத்தில் இந்தக் கேள்வி நேராகக் கேட்கப்பட்டதே இல்லை. காலையிலேயே என்று அம்மா சொல்வார், பொய் என்று இவர் சொல்வார், பாதி வழியில் இவரைத் திருப்பிக் கூட்டிப்போக வேண்டியிருக்கும் என்றெல்லாம் மனம் ஓடியது.

"பாஸ்" என்றார் அம்மா.

எந்தப் போட்டியிலும், விடை தெரியாதபோதுகூட, அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவரே தொடர்ந்தார். "கிராணி ஆபீஸ் வாசல்ல நின்னது ஞாபகம் இருக்கு. உள்ள அவரு யாருகிட்டயோ பேசிக்கிட்டிருந்தாரு. வெளிய நின்னேன். வெயில்ல நின்னனா, மழைல நின்னனான்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். வரல. வெயில்னுதான் இம்புட்டு நாளும் சொன்னேன்."

சின்னம்மா தலையை இருக்கையில் சாய்த்துக்கொண்டார். "எனக்கு மட்டும் என்ன தெரியுது. சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். சொல்லிச் சொல்லி அதுதான் நெசமாயிருச்சு போல." எதிர்ப்பக்க வண்டிகள் நகரத் தொடங்கின. "சரி, வேற கேளுக்கா."

அக்கா என்ற சொல்லை அன்றுதான் அவர் வாயில் கேட்டேன். அம்மாவிடம் வேறு கேள்வி இல்லை. அதனால் பழைய கேள்வியையே கேட்டார். பூப்பந்தில் எத்தனை இறகு என்றார். சின்னம்மா அதற்கும் ஒழுங்காக விடை சொன்னார்.

அதற்குப் பிறகு இருவரும் நாளெல்லாம் பேசித் தீர்த்தார்கள் என்று எழுதினால் அது பொய். உப்பு பற்றி நேராகவே சண்டை போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதுவும் அதிக நாள் இல்லை. ஒரு சனிக்கிழமை காலை, தேநீர் கொடுக்கப் போன அம்மா அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "ஒன் போனக் கொண்டா." நான் சின்னம்மாவின் அருகே போய்க் கையைத் தொட்டுப் பார்ப்பதற்குள், சிங்கப்பூரில் இருக்கும் தங்கையின் எண்ணைப் போடச் சொல்லிவிட்டார் அம்மா.

"பெரியம்மா பேசுறேன். ஒங்கம்மா போயிட்டாம்மா. இப்பதான் பாத்தேன். மணியப் பாரு, ஏழு. பாத்தியா? ஏழு மணிக்குப் பெரியம்மா ஒனக்குச் சொல்லிட்டேன். அழு, அழுதுட்டுக் கெளம்பு. நீ வராம எடுக்க மாட்டோம்."

கூட்டம் சேர்ந்தது. கோயில் தலைவர் வந்து கணக்குப் போட்டார். சாயங்காலமே எடுத்துவிடலாம், நாளைக்கு ஞாயிறு, சுற்றுலாக்காரர்களின் காடி மேலேயும் நகராது கீழேயும் நகராது, மழை வேறு என்றார். நியாயமான பேச்சுதான். அம்மா சின்னம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். "மழ பெய்யட்டும்" என்றார். "குழியில தண்ணி நின்னா எறச்சு ஊத்துவோம். மக வரணும்." ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு செய்தோம்.

தங்கை மறுநாள் வந்து சேர்ந்தாள். நெரிசலில் பேருந்து நின்றுவிட, கடைசித் தூரத்தை யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் ஏறி நனைந்துகொண்டே வந்திருந்தாள். அம்மா முதல் நாள் காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவளைப் பார்த்ததும், சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து, தன் இடத்தில் அவளை உட்கார வைத்தார். அவள் அழுது ஓயும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் அப்போதுதான் நீர் வந்தது.

"இப்ப எடுக்கலாம்னு சொல்லு" என்றார்.

நான் வெளியே போய்ச் சொன்னேன்.