அக்காவின் இடது கன்னம்

அக்காவுக்கு இடது கன்னத்தில் பிறவியிலேயே ஒரு சிவப்புத் தடம். வயதுக்கு வந்த பிறகு அது வீங்கியது. தொட்டால் சுடும், விரலடியில் துடிக்கும். அவள் கன்னத்தில் காதை வைத்தால் உஸ், உஸ் என்று ரத்தம் ஓடுவது எனக்கே கேட்கும். சிதம்பரத்தில் எங்கள் தெருவைத் தாண்டினாலே துப்பட்டாவை இழுத்து மூடிக்கொள்வாள்.

2004இல் ஒருநாள் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து கொட்டிய ரத்தம் நிற்கவே இல்லை. சென்னைக்குக் கொண்டுபோனோம். கத்தி வைக்கவில்லை. தொடையிடுக்கில் மெல்லிய குழாயை நுழைத்துக் கன்னம்வரை கொண்டுபோய், பின்னிக் கிடந்த ரத்தக்குழாய்களைப் பசை போன்ற மருந்தால் அடைத்தார்கள்.

“அடைச்சிருக்கோம், அவ்வளவுதான். வேரோட போயிடுச்சின்னு நெனைச்சிடாதீங்க. வருஷா வருஷம் வந்து காட்டணும்,” என்றார் டாக்டர். அம்மா கும்பிட்டபடியே தலையாட்டினாள்.

இரண்டு வருஷம் போனோம். கன்னம் வற்றிக் குளிர்ந்து, சத்தமில்லாமல் இருந்தது. மூன்றாம் வருஷம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்கா கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முகத்தை மூடாமல் பஸ் ஏறினாள்.

2009இல் நெல்லிக்குப்பத்திலிருந்து வரன் வந்தது. வைத்தியம் பார்த்ததை மறைக்காமல் சொன்னோம். “அதான் சரியாயிடுச்சே,” என்றார்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் மத்தியானம். இருவரும் பாயில் படுத்து ஃபோட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் காது அவள் இடது கன்னத்தில் உரசியது. உஸ், உஸ். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

“கேட்டுடுச்சா?” என்றாள். “மூணு மாசமா கேக்குதுடி. அம்மாகிட்ட சொல்லிடாத. கல்யாணம் முடியட்டும், நானே போய்க் காட்டிக்கிறேன்.”

நான் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்தும் அவள் போகவில்லை.

கர்ப்பமான ஐந்தாம் மாதத்தில் கன்னம் மளமளவென்று வீங்கியது. உதடுவரை நீலம் பாய்ந்தது. குழந்தை பிறந்த பிறகுதான் மறுபடி அடைத்தார்கள். அடைத்ததைச் சுற்றி ரத்தம் வேறு வழி பிடித்துவிட்டதாம். சின்னதாக இருந்தபோதே வந்திருந்தால் அடைத்த கையோடு அறுத்து எடுத்திருக்கலாம், இப்போது அறுத்தால் பாதி முகம் போய்விடும் என்றார் டாக்டர்.

அதைக் கேட்டுவிட்டுக் கட்டிலருகே வந்த அக்காவின் கணவர் என்னைப் பார்த்தார். “இது திரும்ப வந்தது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

நான் வாய் திறப்பதற்குள், வீங்கிய உதட்டோடு அக்கா சொன்னாள்: “அவளுக்கு ஒண்ணும் தெரியாது மாமா. எனக்குத்தான் தெரியும்.”

அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

2012இல் மூன்றாம் முறை அடைத்தபோது ரத்தம் போகாமல் உதட்டோரம் சதை கருகி விழுந்தது. சிரித்தால் வாய் கோணியது. ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் அவர்தான் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார். அவள் வீடு திரும்பியதும் போய்ப் பார்த்தேன். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

“உள்ள போயி புள்ளைக்குப் பால் ஆத்தி எடுத்துட்டு வாடி.”

போனேன்.