மூன்று முறை சொல்லச் சொன்னேன்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்தில், கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சிற்றூரில் நடந்தது இது. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலை இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு கச்சிராயபாளையம் பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும் உண்டு. ஆனால் அந்த நாட்களில் அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையைப் பேருந்தில்கூடக் கழற்ற மாட்டேன்.

இறுதிப் பருவத்தில் ஆளுக்கொரு பத்து நிமிட ஆவணப்படம் எடுக்க வேண்டும். சிறந்த படத்துக்குச் சென்னையில் ஒரு தொலைக்காட்சியில் பயிற்சி கிடைக்கும் என்று துறையில் சொல்லியிருந்தார்கள். மலையில் சாலை இல்லாத ஊர்களைப் பற்றி எடுப்பது என்று நான் முடிவு செய்தேன்.

அந்த ஊருக்குத் தார்ச்சாலையிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். முந்தைய மழைக்காலத்தில், பிரசவ வலி எடுத்த ஒரு அக்காவைக் கம்பில் போர்வை கட்டிச் சுமந்து வந்திருக்கிறார்கள். பாதி வழியில் குழந்தை பிறந்து இறந்துவிட்டது. அந்த அக்காவைத் தேடித்தான் போனேன்.

அவர் வாசலில் தன் கொழுந்தனாரின் மனைவியோடு உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். என் அட்டையைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். அக்காவுக்கு என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும். பாய் விரித்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "எந்த ஆபீஸ்லருந்து வரீங்க மேடம்?" என்று கேட்டார்.

அதுவரை என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. படிக்கிற பெண் என்று சொல்ல வாய் வரவில்லை. "மீடியாலருந்து" என்றேன்.

"நான் பேசுனா ரோடு போடுவாங்களா?"

"வீடியோ நல்லா வந்தா மேல வரைக்கும் போவும்க்கா. மழைக்குள்ள கண்டிப்பா போட்டுடுவாங்க."

எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்றால், எதையும் வைத்து இல்லை. அவரைப் பேச வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

முந்தானையில் மைக்கைக் குத்தி, போனை ஸ்டாண்டில் நிறுத்தினேன். அக்கா சொன்னார். தூக்கி வந்த நான்கு பேர் யார் யார், எங்கே வழுக்கியது, எந்தப் பாறையருகே இறக்கினார்கள் என்று எல்லாவற்றையும் வரிசையாக, ரேஷன் கடையில் விவரம் சொல்வது போலச் சொன்னார். பெண் குழந்தை. அழவில்லை. திரும்பக் கொண்டுவந்து கொல்லையில் புதைத்தார்கள். சொல்லி முடித்து, மடியில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கவேயில்லை.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வகுப்பில் பார்த்த படங்களிலெல்லாம் இந்த இடத்தில் யாராவது அழுவார்கள். நாய் குரைத்தது பதிந்துவிட்டது என்று பொய் சொல்லி, மறுபடி சொல்லச் சொன்னேன். அதே போலச் சொன்னார். மூன்றாவது முறை நான் குறுக்கே குறுக்கே கேட்டேன். பாப்பாவைக் கையில் வாங்கினீர்களா? எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள்? யார் ஜாடை?

"எங்கம்மா ஜாடை" என்றார். பிறகு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்.

நான் போன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் நடுவில் இருக்கிறதா, மைக்கில் துணி உரசுகிறதா என்று. நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியபோது என்னையறியாமல் சிரித்திருக்க வேண்டும். கொழுந்தனாரின் மனைவி புளித்தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இன்னா மேடம், இந்த வாட்டி எங்க அக்கா அழுவுனது சரியா வந்துச்சா? இல்ல, இன்னொரு வாட்டி அழுவணுமா?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ சும்மா இருடி. ரோட்டுக்காவத்தான கேக்கறாங்க" என்றார்.

அவள் கேட்டதைவிட அக்கா சொன்னதுதான் வலித்தது. ஸ்டாண்டை மடித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

படத்தில் அந்த அழுகையைத்தான் முதலில் வைத்தேன். ஒப்படைப்பதற்கு முந்தின நாள் அதை எடுத்துவிட்டு, அவர் முதல் முறை சொன்னதை வைத்தேன். உழைப்பு தெரிகிறது, ஆனால் மனதைத் தொடவில்லை என்று துறையில் சொன்னார்கள். பயிற்சி வேறொருவருக்குப் போனது. நியாயமாக நடந்ததற்குக் கிடைத்த தண்டனை என்று சில நாட்கள் பொருமிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் ஆறிய பிறகுதான் உறைத்தது: அழுகையை வெட்டிவிட்டேன், ரோடு வரும் என்று சொன்ன பொய் அந்த வீட்டில் அப்படியே இருக்கிறது.

வைகாசிக் கடைசியில் மறுபடி மலையேறினேன். நான் எந்த ஆபீசும் இல்லை, படிக்கிற பெண், அது பரீட்சைக்கு எடுத்த படம், அதனால் ரோடு வராது என்று நின்றபடியே சொல்லிவிட்டேன்.

அக்கா திட்டவில்லை. பாதையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"படிக்கிற புள்ள, பரீட்சைக்குனு சொல்லியிருந்தாலும் பேசியிருப்பனே. எதுக்கு ரோடுனு சொன்ன?" மேடம் என்ற சொல் போய்விட்டிருந்தது. "இவள கீழ அவங்கம்மா வூட்டுக்கு அனுப்பலாம்னு இருந்தோம். நான்தான் வேணாம்னேன். மழைக்குள்ள ரோடு வந்துடும், வண்டி வூட்டாண்டயே வரும்னேன்."

அப்போதுதான் கதவருகே நின்ற கொழுந்தனாரின் மனைவியைச் சரியாகப் பார்த்தேன். வயிறு தெரிந்தது. அடைமழை பெய்யும் ஐப்பசியில் பிரசவம். அவள் என் முகத்தில் கதவைச் சாத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"வந்து சொன்னியே, அதுக்காவது சரி" என்றார் அக்கா. மழை பிடிக்கும் முன்பே அவளைக் கீழே அனுப்பிவிட்டார்கள். ஐப்பசியில் அக்கா போன் செய்து, ஆஸ்பத்திரியிலேயே பிறந்தது, தாயும் பிள்ளையும் நலம் என்றார். போனை வைத்த பிறகு நெடுநேரம் அழுதேன். அந்த நலத்தில் என் பங்கு எதுவும் இல்லை. நான் இரண்டாம் முறை போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதில்தான் என் பங்கு இருந்தது.

இப்போது கள்ளக்குறிச்சியில் செய்தியாளராக இருக்கிறேன். அந்த ஊருக்கு இன்னும் சாலை இல்லை. அதைப் பற்றி எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். யாரிடம் பேசப் போனாலும், நான் யார், இது எங்கே வரும், இதனால் எதுவும் நடக்காமலும் போகலாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். படித்தவள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லை நம்பி ஒரு வீடு தன் பிள்ளைப்பேற்றையே பணயம் வைக்கும் என்பதை அந்த மலையில் கற்றேன். அதனால் அவர்கள் எழுந்து போவது எனக்குக் குறையாகத் தெரிவதில்லை.