சோப்பு மணக்கும் கடற்பஞ்சு

மாமல்லபுரம் மீனவர் குப்பத்தில் காலை ஒன்பது மணி. பொத்தேரி ஆய்வகத்திலிருந்து ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, செங்கல்பட்டில் பஸ் மாறி வந்து நிற்கிறேன். வலையில் கடற்பஞ்சு சிக்கினால் எடுத்து வைக்கிறேன் என்று சொல்லியிருந்த செல்வி அக்கா, மீன் கூடையைத் தள்ளிவிட்டு எழுந்து வருகிறார்.

அவர் நீட்டும் வாளியில் ஒரு பிடி பஞ்சு வெளுத்துக் கிடக்கிறது.

"ஒரே கொழகொழன்னு நாத்தம் சார். பஸ்ஸுல நீ எப்டி எடுத்துகினு போவேன்னு, சோப்புத்தூள் போட்டு நாலு வாட்டி அலசி வெச்சிகீறேன்."

கடற்பஞ்சு ஒரு கடல் உயிரி; இந்தப் பஞ்சின் உடம்பில் ஏறக்குறைய பாதி, அதற்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான். நான் வந்தது அவற்றுக்காக. சோப்புத் தண்ணீரில் அவை பிழைக்காது. பஞ்சை இரண்டு கையாலும் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து மூடுகிறேன். நன்றி சொல்கிறேன்.

"அடுத்த வாட்டியும் இப்டியே கழுவி வெக்கட்டா?"

இனி மறைக்க முடியாது.

"வேணாம்க்கா. அந்தக் கொழகொழப்புதான் எனக்கு வேணும். மருந்துக்கு உதவுற கிருமி அதுலதான் இருக்கு. கழுவினா செத்துடும்."

அவர் என்னைப் பார்க்கிறார். பிறகு பெட்டியைப் பார்க்கிறார்.

"அப்போ இத இன்னாத்துக்கு சார் ஐஸ்ல வெச்சி மூடுனே?"