வெள்ளிக்கிழமை கேட்ட கரி

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். நாங்கள் பெங்களூருக்கு வெளியே வைட்ஃபீல்டில் குடியிருந்தோம். எனக்கு இரண்டாவது பிரசவம். குழந்தை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது, வலி எடுத்த உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், வீட்டில் பார்த்துக்கொண்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று கண்டோன்மென்ட் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வலி எடுத்தது. என் கணவரின் முதலாளி நல்ல மனிதர், தன் காரையே கொடுத்துவிட்டார். பெட்ரோலுக்குக் கூப்பன் வாங்க நாயாய் அலைந்த காலம் என்பதால் அது கரியில் ஓடுகிற கார். பின்பக்கம் பீப்பாய் மாதிரி ஒரு உலை இருக்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்தால் வருகிற வாயுவில் வண்டி ஓடும். வழியில் தீர்ந்தால் போட்டுக்கொள்ள ஒரு மூட்டைக் கரியும் கூடவே வர வேண்டும்.

இவர் அந்தப் பதற்றத்திலும் தலையணை, ஃப்ளாஸ்க், மாற்றுப் புடவை, மழையே இல்லாத மாதத்தில் ஒரு குடை என்று எல்லாவற்றையும் ஞாபகமாக ஏற்றினார். கரி மூட்டையை மட்டும் விட்டுவிட்டார்!

இவர்தான் ஓட்டினார். பெங்களூருக்குள் நுழைந்து மர்பி டவுன் பக்கம் வரும்போது வண்டி திணறியது. இரண்டு முறை குலுங்கி நின்றே போய்விட்டது. இவர் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“மூட்டையை வாசல்லயே வெச்சுட்டேன்” என்றார்.

என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு ஜட்கா வண்டியையும் காணோம். குழந்தை குறுக்கே கிடக்கிறதே என்ற நினைப்பு வந்ததும் திட்டுவதை விட்டுச் சாமியைக் கூப்பிட ஆரம்பித்தேன். செத்துத்தான் போகப்போகிறேன் என்று பயந்துவிட்டேன்.

எதிரே ஒரு வரிசை வீடுகள். முதல் வீட்டு வாசலில் கழுத்தில் ஜெபமாலை போட்ட ஒரு பெண் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இவர் அவளிடம் ஓடினார்.

“அம்மா, கொஞ்சம் கரி கிடைக்குமா?”

எழுத்தில்தான் இது வேறு, அது வேறு. பேச்சில் கரிக்கும் கறிக்கும் என்ன வித்தியாசம்? அவள் இவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நெத்தி நெறைய விபூதி பூசிக்கினு கறி கேக்கறியே, சாமி! அதுவும் வெள்ளிக்கிழமையில. தவக்காலத்துல கிறிஸ்தவங்க நாங்களே தொட மாட்டோம்!”

இவர் ஆயுசில் முட்டைகூடத் தொடாதவர். “ஐயையோ, அந்தக் கறி இல்லம்மா!” என்று வண்டியைக் காட்டினார், என்னைக் காட்டினார், வாய் குழறியதே தவிர விஷயம் வெளியே வரவில்லை. எனக்குப் பொறுமை போயிற்று. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “அடுப்புக்கரிம்மா! வண்டிக்கு! எனக்கு வலி எடுத்திருக்கு, குழந்தை குறுக்கே கிடக்கு!” என்று கத்தினேன்.

“அடக் கடவுளே!” என்றவள் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் கொடுக்க வேண்டிய துணி அவள் பக்கத்தில் குவிந்து கிடந்தது. எங்களுடையதைப் போன்ற வண்டிகள் கரியைத் தின்னத் தொடங்கியபின் ஊரில் கரிக்கே பஞ்சம். அவளோ இஸ்திரிப் பெட்டிக்கென்று வீட்டுக்குள் வைத்திருந்த கரிக்கூடையை அப்படியே தூக்கி வந்தாள்.

இவர் தயங்கினார். “உங்க வேலை கெட்டுப்போகுமே.”

“துணி நாளைக்கு வரைக்கும் நிக்கும் சாமி, புள்ள நிக்குமா?”

பிறகு தெருவைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள்! “ஏய், ஊட்ல இருக்கற கரியெல்லாம் எடுத்தாங்கடி! ஒரு பொண்ணு பிரசவ வலியில துடிக்குது!” வீட்டுக்கு வீடு பெண்கள் முறத்திலும் சட்டியிலும் கரியோடு ஓடி வந்தார்கள். ஒருத்தி சோறு கொதிக்கிற அடுப்பிலிருந்தே நெருப்புக் கங்குகளை வாரிக்கொண்டு வந்தாள். இவர் உலையில் கொட்டிக் காற்றடித்தார். வண்டி உயிர் பெறும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“தனியாவா குந்தினு இருக்க? நவுரு கண்ணு” என்று அவளும் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். எங்கள் வீட்டில் யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது என்று ஆயிரம் சட்டம் உண்டு. அந்த வலியில் நான் அவள் தோளில் சாய்ந்து அழுதேன். ஆஸ்பத்திரி வரும்வரை அவள் என் கையை விடவேயில்லை.

டாக்டரம்மா குழந்தையைத் திருப்பி எடுத்தார். பெண் குழந்தை. கொஞ்சம் தாமதித்திருந்தால் இருவருமே பிழைத்திருக்க மாட்டோம் என்றார். இவர் நன்றி சொல்ல வெளியே வந்து பார்த்தால் அவளைக் காணோம், நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் இவர் ஒரு மூட்டைக் கரியோடு அவள் வீட்டுக்குப் போனார். “நான் மட்டுமா குடுத்தேன்?” என்று அதைத் தெரு முழுக்கப் பங்கு போட்டுவிட்டாளாம். என்ன மனசு அது!

ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது வேறொன்றை. என்னைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோனபோது, அவள் பிடித்திருந்த மணிக்கட்டில் ஐந்து விரலும் கரியாகப் பதிந்திருந்தன. நர்ஸ் ஈரத்துணியால் துடைக்க வந்தாள். குழந்தை பிறக்கிறவரைக்கும் அது அப்படியே இருக்கட்டும் என்று கெஞ்சினேன். அந்தக் கை என்னைப் பிடித்திருக்கும்வரை எனக்கும் என் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது என்று அன்றைக்கு முழுசாக நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.