சிநேகிதனுக்குக் கல்யாணம்

எம்.கே.பி. நகர் அன்புக்கரசி பகலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரசீது போடுவாள். பஸ்ஸிலும் சாப்பாட்டு இடைவேளையிலும் கைப்பேசியில் காதல் தொடர்கதை எழுதுவாள். எல்லாக் கதையும் லீவில்தான் நடக்கும். பல வருடச் சிநேகிதர்களான ஒருவனும் ஒருத்தியும் மலைக்குச் சுற்றுலா போவார்கள். மழை பிடிக்கும். விடுதியில் ஒரே அறைதான் மிச்சமிருக்கும். இறங்கி வரும்போது காதலர்கள். அவள் தொடர்கதை போடும் செயலியில் அவளுக்கு இருபதாயிரம் வாசகிகள்.

ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் படிப்பவன் அறிவு. பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரி எடைமேடையில் வேலை. படித்ததும் போன் செய்வான்.

"ஹீரோ இன்னாத்துக்கு இம்மாம் அழுவுறான்? பாதியா கொறை."

குறைப்பாள். "நிஜ ஹீரோ யாரு?" என்று வாசகிகள் கேட்டால் இருவரும் சிரிப்பார்கள்.

போன மே மாதம் அறிவு மார்க்கெட் ஆட்களோடு ஏற்காடு போனான். அங்கே சேலத்து எழில்மொழியைப் பார்த்தான், இருவருக்கும் பிடித்துப்போனது. ஆகஸ்டில் நிச்சயதார்த்தம் என்று முடிவானது.

"மொத ஆளா உன்கிட்டதான் சொல்றேன் அன்பு."

"சூப்பர்டா" என்றாள். பஸ் ஏறிய பிறகு நெஞ்செல்லாம் எரிந்தது.

காதலோ என்று தன்னையே சோதித்துப் பார்த்தாள். அவனைப் புருஷனாக நினைத்தால் சிரிப்புதான் வந்தது. எரிச்சல் மட்டும் அடங்கவில்லை. அப்போது அவள் எழுதிக்கொண்டிருந்ததும் ஏற்காட்டுக் கதை. ஊரைப் பார்த்ததில்லை, எல்லாம் கற்பனைதான்.

"எழிலுக்குப் படிச்சுக் காட்னேன். ஏரிக்கரையாண்ட நீ சொல்ற மாரி பாறை ஒன்னியும் இல்லியாம்" என்றான் அறிவு.

அடுத்த அத்தியாயத்தில் சேலத்துக்காரி ஒருத்தி வந்தாள். எதிலும் குற்றம் கண்டுபிடிப்பவள். நாயகனை ஏமாற்றிவிட்டு, மலைப்பாதையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். அறிவுக்கு அனுப்பாமலேயே அதைச் செயலியில் ஏற்றினாள் அன்புக்கரசி. வாசகிகள் கொண்டாடினார்கள். மூன்றாம் நாள் அறிவிடமிருந்து ஒரே வரி வந்தது: "இனிமே எனக்கு எதுவும் அனுப்பாத."

அரைநாள் லீவு போட்டுச் சாத்தாங்காடு போனாள். எடைமேடை அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

"பொறாமைடா" என்றாள்.

சோற்றில் கை நின்றது. "என்னியக் கட்டிக்கணும்னு..."

"அய்ய, அதெல்லாம் இல்ல. என்கிட்ட பேசிகினு இருந்தத்த இப்ப அவகிட்ட பேசுற. அது தாங்கல."

"அத்த எழுத வேண்டியதுதானே? அந்தப் பொண்ணு கால இன்னாத்துக்கு ஒட்ச்ச?"

"அப்டி எழுதுனா யாரு படிப்பா? ஆணும் பொண்ணும் தோஸ்தா இருந்தா கடைசில சேந்தே ஆவணும். இல்லாங்காட்டி கதையே இல்லன்றாங்க."

டிபன் மூடியில் ஒரு மீன் துண்டை வைத்து அவள் பக்கம் தள்ளினான். "நான் படிக்கிறேன்."

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு வேறு முடிவு எழுதினாள். நாயகி பொறாமையில் வெந்தாள், ஆனாலும் சிநேகிதனின் நிச்சயதார்த்தத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். "ஏமாத்திட்டீங்க" என்று திட்டிவிட்டு நாலாயிரம் பேர் விலகிப் போனார்கள். "அழுதுட்டேன் அக்கா" என்று எழில்மொழி எழுதியிருந்தாள். அன்புக்கரசி பதில் போடவில்லை.

தை மாதம் வியாசர்பாடியில் புத்தர் படத்துக்கு முன்னால் கல்யாணம் நடந்தது. வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றவள் அன்புக்கரசிதான்.

இப்போதும் அத்தியாயத்தை அறிவுக்கு அனுப்புகிறாள். இரண்டு நாள் கழித்து, "நாங்க படிச்சிட்டோம்" என்று பதில் வருகிறது. அந்த 'நாங்க' ஒவ்வொரு முறையும் குத்துகிறது.